மஞ்சுளாவின் தீராத ஜலதோஷம்

போன வாரம் ஷில்பா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த ரத்த வங்கியில் இப்போது அவள்தான் சீனியர் டெக்னீஷியன். ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் கேட்கிற கேள்விகளை எல்லாம் ஒரு டேப்லெட்டில் போட்டுவிட்டார்களாம். காய்ச்சல் உண்டா, சளி உண்டா, நேற்று குடித்தீர்களா என்று அது கேட்கும். வந்தவர் 'ஆம்' என்று தொட்டால் திரை சிவப்பாகிவிடும், ஆளை அனுப்பிவிடலாம். நேரம் மிச்சம் என்று சந்தோஷமாகச் சொன்னாள். சிவப்பு வந்தபிறகு நீ ஏதாவது கேட்பாயா என்றேன். "அதான் சிவப்பு வந்திடுச்சே மேடம், இன்னும் என்ன கேக்கறது?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருபது வருஷம் நானும் அந்த டேப்லெட் மாதிரிதான் இருந்தேன், என்ன, எனக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை. போனில் அவளுக்குப் பாதி சொன்னேன். மீதியைச் சொல்வதைவிட எழுதுவது மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது கண்டோன்மென்ட் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் உருது, பள்ளிக்கூடத்தில் கன்னடம். அப்பா ஒரு கிளப்பில் சமையல்காரர். பெண் ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. டாக்டராகும் அளவுக்கு மார்க் வரவில்லை, ஆனால் லேப் டிப்ளமா படித்தாலும் கோட்டு வெள்ளைதான். ஒரு சின்ன லேபில் மூன்று வருஷம் மலமும் மூத்திரமும் பார்த்தேன். அதன்பிறகு ஹெப்பகோடிப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. தன்னடக்கத்துக்காக வேறு மாதிரி எழுத எனக்கு வராது. நோயாளியின் ரத்த நீரையும், கொடையாளியின் சிவப்பணுக்களையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கலந்து, உடம்புச் சூட்டில் வைத்து, சுழலவிட்டு எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். அணுக்கள் புகைபோல் கரைந்து எழுந்தால் பொருத்தம். கட்டி கட்டியாக எழுந்தால் சண்டை, அந்தப் பை அந்த நோயாளிக்கு ஆகாது. இதைத்தான் கிராஸ் மேட்ச் என்போம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற பொடிக் கட்டியைக்கூட நான் விட்டதில்லை. தேவகி என்று நான் கையெழுத்துப் போட்ட பை என்றால் வார்டில் மறுபேச்சு இருக்காது.

எங்கள் தலைவர் டாக்டர் ஹெக்டே. வட கன்னடத்துக்காரர், ஒல்லி, எப்போதும் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பார். கோபத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முழுக்கப் படிப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், "ஆமேலே?" என்பார். கன்னடத்தில் 'அப்புறம்?' என்று அர்த்தம். அப்புறம் ஒன்றும் இல்லை சார், அவ்வளவுதான் என்போம். தலையை ஆட்டிவிட்டு வெந்நீர் குடிப்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து நாங்கள் பல பரிசோதனைகளை இரண்டாவது தடவை செய்திருக்கிறோம். திட்டுகிறவர்களிடம் தப்பிக்க வழி உண்டு, இப்படிக் காத்திருக்கிறவரிடம் தப்பிக்க முடியாது.

ரத்தம் வாங்குகிற குடும்பம் பதிலுக்கு ஆள் கூட்டிவந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்பது அப்போது எங்கள் ஆஸ்பத்திரியின் வழக்கம். நோயாளிக்குக் கொடுப்பதைக் கொடுத்துவிடுவோம், உறவுக்காரர்கள் கொடுத்தது வேறு யாருக்கோ போகும். அந்த வரிசையில் நின்று கேள்வி கேட்பது என் பொறுப்பு. நேற்றுக் குடித்தவன் ஏலக்காய் மென்றுகொண்டு வந்தாலும் பிடித்துவிடுவேன். எடை போதாத பெண் பர்ஸில் சில்லறையும் சாவிக்கொத்தும் நிரப்பிக்கொண்டு தராசில் ஏறினாள், இறக்கி பர்ஸை வாங்கி வைத்தேன். மாமியாருக்குக் கொடுக்கப் பயந்த மருமகன் இல்லாத மஞ்சள்காமாலையைச் சொன்னான். அதையும் கண்டுபிடித்தேன், ஆனால் பயந்தவனிடம் எடுப்பதில்லை என்று விட்டுவிட்டேன்.

மஞ்சுளா அந்த வரிசையில்தான் வந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் லேடீஸ் பி.ஜி. என்கிற ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. அவளுடைய அக்கா கஸ்தூரி, ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள், எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் உதிரம் போய், ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கிவிட்டது. ரத்தம் ஏற்றித்தான் ஆபரேஷன் செய்ய முடியும். மஞ்சுளா என் முன்னால் உட்காரும்போதே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். சளியா என்றேன். எப்பவும் இருக்கறதுதான் சிஸ்டர் என்றாள். சளி இருந்தால் எடுக்க மாட்டோம், சரியானதும் வா என்று அனுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்து மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாள். மூக்கு ஒழுகவில்லை, ஆனால் குரல் அடைத்திருந்தது. என்னை ஏமாற்ற முடியுமா? மறுபடியும் அனுப்பினேன். பதிலுக்குக் கஸ்தூரி வீட்டுக்காரருடைய நண்பர்கள், கம்பெனி கேப் ஓட்டுகிறவர்கள், இரண்டு பேர் வந்து கொடுத்தார்கள்.

இதற்கு நடுவில் கஸ்தூரிக்கு முதல் பை ஏற்றினார்கள். ஐந்து நிமிஷத்தில் மூச்சு முட்டி, உடம்பெல்லாம் தடித்து, ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. பையை நிறுத்தி, அட்ரினலின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். பை எங்களிடம் திரும்பி வந்தது.

டாக்டர் ஹெக்டே அந்த வாரம் லீவில் ஊருக்குப் போயிருந்தார். விசாரணையை நானே நடத்தினேன். லேபிளும் நோயாளியின் பெயரும் சரி. ரத்த வகை இரண்டுக்கும் பி பாசிட்டிவ். கிராஸ் மேட்சை மறுபடி போட்டேன், புகைபோல் கரைந்தது. அணுக்கள் உடைந்திருந்தால் நோயாளியின் ரத்த நீர் சிவந்திருக்க வேண்டும், அது வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் முடித்து, 'ரத்தத்தில் பிழை இல்லை, சாதாரண அலர்ஜியாக இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தொழிலில் இது ஒரு பழக்கம். பிரச்சினை என்று பை திரும்பி வந்தால், குற்றம் நம்முடையது இல்லை என்று நிரூபிப்பதோடு வேலை முடிந்துவிடும். நம் பை நிரபராதி என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதியில் அங்கே படுத்திருக்கிறவளை மறந்துவிடுவோம்.

என் கையெழுத்தை நம்பி, அலர்ஜிக்கான ஊசியை முன்னாலேயே போட்டுவிட்டு, மூன்றாம் நாள் இரண்டாவது பையை ஆரம்பித்தார்கள். பத்து மில்லி போவதற்குள் கஸ்தூரி நினைவு தப்பினாள். ஐ.சி.யூ.வில் மூச்சுக்குக் குழாய் போட்டு ஒரு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த அந்தப் பையையும் சோதித்து, அதே ரிப்போர்ட்டை மறுபடி எழுதினேன்.

மறுநாள் டாக்டர் ஹெக்டே வந்துவிட்டார். இரண்டு ரிப்போர்ட்டையும் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், "ஆமேலே?" என்றார். நான் எல்லாம் சரியாக இருக்கிறது சார் என்று மறுபடி ஒப்பித்தேன். அவர் வெந்நீரைத் தொடவில்லை.

"தேவகி அவரே, பேஷன்ட் பாக்க எப்படி இருக்காங்க?" என்றார்.

எனக்குத் தெரியாது. ரத்த வங்கிக்காரர்கள் கட்டிலுக்குப் போவதில்லை. எங்களுக்கு ஒரு ஜன்னல் உண்டு, அது வழியாகச் சாம்பிள் வரும், பை போகும். இத்தனை வருஷத்தில் நான் ரத்தம் அனுப்பிய ஒரு நோயாளியின் முகத்தையும் பார்த்ததில்லை. அவர், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அவளுக்குக் காது, மூக்கு, தொண்டை, வயிறு எல்லாம் சின்ன வயதிலிருந்து எப்படி என்று கேட்டு வரச் சொன்னார். ரத்தத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போனேன்.

கஸ்தூரிக்கு அப்போது குழாயை எடுத்திருந்தார்கள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருந்தது. நான் ரத்த வங்கியிலிருந்து வருகிறேன் என்றதும் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். ஊசி போட வரவில்லை, கேட்க வந்தேன் என்றேன். காதில் சீழ் வடியுமா? சின்ன வயதில் எப்போதும் வடியுமாம், பஞ்சு வைத்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போவாளாம். சளி? வருஷம் முழுக்க. வயிறு? கண்ட தண்ணீர் குடித்தால் பேதி, மற்றவர்களுக்கு இரண்டு நாள் என்றால் இவளுக்கு இரண்டு வாரம்.

"எங்க வூட்ல ரெண்டு பேருக்குமே மூக்கு இப்படித்தான் சிஸ்டர்," என்றாள். பேசவே மூச்சு வாங்கியது. "தங்கச்சிக்கு என்னவிட ஜாஸ்தி. ரத்தம் குடுக்க வந்தா, சளின்னு சொல்லி யாரோ ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

அந்த யாரோ நான்தான். போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்து சொன்னேன். டாக்டர் ஹெக்டே ஒரு காகிதத்தை எடுத்துப் பென்சிலால் எழுதிக் காட்டினார். மூக்கு, தொண்டை, குடல் இவற்றின் உள்பக்கம் ஈரமான சவ்வு இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற கிருமிக்கு அதுதான் வாசல். அந்த ஈரத்தில், எச்சிலில், கண்ணீரில் உடம்பு ஒரு காவல் புரதத்தைச் சுரக்கிறது. அதன் பெயர் ஐ.ஜி.ஏ. கிருமி சவ்வில் ஒட்டுவதற்கு முன்பே அதைப் பிடித்துத் தள்ளிவிடுகிற வேலை அதனுடையது. சிலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது. அவர்களில் பலர் ஒன்றும் தெரியாமல் நன்றாகவே வாழ்கிறார்கள், சிலருக்குச் சளியும் காதுச் சீழும் பேதியும் விடாது. ரத்தம் ஏற்றும்போதுதான் இன்னொரு ஆபத்து. நாம் கொடுக்கிற பையில் சிவப்பணுக்களோடு கொஞ்சம் ரத்த நீரும் இருக்கும், அதில் அடுத்தவருடைய ஐ.ஜி.ஏ. இருக்கும். அது இல்லாமலே வளர்ந்த உடம்புகளில் சில, அதை விரோதி என்று நினைத்துப் பாய்ந்துவிடும். நான் பார்த்தது சிவப்பணுவை. சண்டை நடந்தது நீரில். என் கண்ணாடிக் குழாயை எத்தனை முறை தட்டினாலும் அது தெரியாது.

"காய்ச்சல் இல்ல, நடுக்கம் இல்ல, பத்து மில்லிக்குள்ளயே விழுந்துட்டாங்க," என்றார். "ரெண்டு தடவை. மூணாவது தடவை நமக்கு சான்ஸ் இல்ல."

கஸ்தூரியின் சாம்பிளை நகரத்தில் ஒரு லேபுக்கு அனுப்பினோம். ஐ.ஜி.ஏ. அறவே இல்லை, அதை எதிர்த்துப் பாய்கிற புரதம் மட்டும் ஏராளம் என்று பதில் வந்தது. உதிரப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் ஏற்றாமல் கத்தி வைத்தால் மேஜையிலேயே போய்விடுவாள், கண்ட ரத்தத்தை ஏற்றினால் அதற்கு முன்பே போய்விடுவாள். சிவப்பணுக்களை உப்புநீரில் கழுவிக் கொடுக்கலாம், ஆனால் எவ்வளவு கழுவினாலும் துளி மிச்சம் இருக்கும். இரண்டு முறை அடிபட்ட உடம்புக்கு, முதலில் போவது ஐ.ஜி.ஏ.வே இல்லாத ஒருவருடைய ரத்தமாக இருந்தால் நல்லது என்றார் டாக்டர். அப்படிப்பட்ட கொடையாளியை எங்கே தேடுவது என்று நான் கேட்கவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, நான் ஒரு படி மேலே போய் வெண்ணெயை இரண்டு முறை தெருவில் கொட்டியிருந்தேன்.

சாம்பிள் குழாயை எடுத்துக்கொண்டு நானே எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனேன். பி.ஜி.யின் சமையலறையில் மஞ்சுளா ஒரு கூடை வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு, ஓனரம்மாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்றாள்.

"வெங்காயம் எப்பவும் நான்தான் நறுக்குவேன் சிஸ்டர். மூக்கு ஒழுகறது யாருக்கும் தெரியாது," என்றாள்.

சளி என்ற வார்த்தையைப் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடிக்கிற விஷயமாகத்தான் நான் வைத்திருந்தேன். இவள் அதை ஒளித்து ஒளித்து வயிறு வளர்த்திருக்கிறாள். உன்னைத் திருப்பி அனுப்பியவள் நான்தான், இப்போது உன்னைக் கூப்பிட வந்திருக்கிறேன், உன் ரத்தம்தான் உன் அக்காவுக்கு ஆகும் போல என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

"சளி இருக்கே சிஸ்டர், பரவால்லியா?"

"சளி இருக்கறதாலதான்மா வந்திருக்கேன்."

சாம்பிளின் பதில் வந்தது. அக்காவுக்கு இல்லாதது தங்கைக்கும் இல்லை. வகையும் அதே பி பாசிட்டிவ், கிராஸ் மேட்சும் பொருந்தியது. டாக்டர் ஹெக்டே அவளை உட்கார வைத்துத் தொண்டை, நெஞ்சு, காய்ச்சல் எல்லாம் தானே பார்த்தார். இப்போது நோய்த்தொற்று எதுவும் இல்லை, எடுக்கலாம் என்று எழுதினார். நான்தான் ஊசி ஏற்றினேன். பை நிரம்புகிறவரை அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, அக்காவுக்குப் பிடித்த குழம்பு எது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உடன்பிறந்தவர் ரத்தத்தை அப்படியே ஏற்றக்கூடாது. அதிலிருக்கிற வெள்ளையணுக்கள் வாங்கியவர் உடம்பில் குடியேறி, அந்த உடம்பையே தாக்கலாம். கதிர்வீச்சுக் காட்டி அவற்றை முடக்க வேண்டும். அந்தக் கருவி நகரத்தில் இன்னொரு ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டியில் மேம்பாலம் வழியாகப் போனேன், அதே மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். சில்க் போர்டு சந்திப்பில் சிக்னல் விழுந்தபோது போலீஸ்காரரிடம் இறங்கிப்போய்ப் பேசினேன். கன்னடத்தில் கெஞ்சினேன் என்று சொல்ல வேண்டும், ஆனால் டிரைவர் அதை அதட்டல் என்றுதான் பிறகு எல்லாரிடமும் சொன்னான்.

பையைத் தொங்கவிட்டது நர்ஸ். நான் ஜன்னலுக்குத் திரும்பவில்லை, கட்டிலின் பக்கத்திலேயே நின்றேன். டாக்டர் ஹெக்டே எதிர்ப்பக்கம் நின்றார், கையில் அட்ரினலின் நிரப்பிய சிரிஞ்ச். கஸ்தூரி என் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம். பத்து மில்லி. எனக்குத்தான் மூச்சு முட்டியது. கால் மணி நேரம் ஆனதும் கஸ்தூரி, பசிக்கிறது என்றாள். டாக்டர் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, வெந்நீர் கேட்டார்.

மறுநாள் ஆபரேஷன். அதற்காக இரண்டு பைகளை நான் கழுவி வைத்தேன். குளிர்ந்த சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே நிற்கிற நீரைப் பிழிந்தெடுத்து, புது உப்புநீர் ஊற்றி, அணுக்கள் உடையாதபடி தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டி, மறுபடி சுழற்ற வேண்டும். ஆறு முறை. கழுவியதை ஒரு நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் குப்பை. ஒரு பை தேவைப்பட்டது, மிக மெதுவாக ஏற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாம் நாள் கஸ்தூரி நடந்தே வீட்டுக்குப் போனாள். அதிலிருந்து பை திரும்பி வந்தால் நான் ஜன்னலைத் தாண்டிக் கட்டிலுக்குப் போகாமல் ஒரு ரிப்போர்ட்டும் எழுதியதில்லை. வார்டு நர்சுகள் முதலில் முறைத்தார்கள், பிறகு டீ கொடுத்தார்கள்.

அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அட்டை எழுதிக் கொடுத்தோம். இவருக்கு ஐ.ஜி.ஏ. இல்லாத ரத்தம் அல்லது கழுவிய அணுக்கள் மட்டுமே என்று கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, கீழே டாக்டர் கையெழுத்து.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலை கஸ்தூரி கொடையாளி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை, முகத்தில் அவ்வளவு ரத்தம். மஞ்சுளாவுக்குக் கல்யாணமாகி இப்போது ஏழாம் மாதம் என்றாள். பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டால் யாருடையது ஆகும் என்று யோசித்துத் தானே வந்திருக்கிறாள், யாரும் அவளைக் கூப்பிடவில்லை. டாக்டர் ஹெக்டே நெடுநேரம் யோசித்து, தங்கைக்காக மட்டும் எடுக்கலாம், ஹீமோகுளோபின் போதுமானால் என்றார்.

அப்போதெல்லாம் அதை நாங்கள் நீலத் துத்தக் கரைசலில் பார்ப்போம். விரல் நுனியிலிருந்து ஒரு துளியைக் கரைசலில் விட வேண்டும். ரத்தம் போதுமான கெட்டியாக இருந்தால் துளி மூழ்கும். சோகையாக இருந்தால் மிதக்கும். கஸ்தூரியின் துளி பாதி வரை போய் மேலே வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். இப்போது எடுக்க முடியாது என்றேன். அவளைத் திருப்பி அனுப்பியது எனக்கு வலித்தது, ஆனால் இந்த முறை உட்கார வைத்து, என்ன சாப்பிடுகிறாள், இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குகிறாளா என்றெல்லாம் கேட்டுத்தான் அனுப்பினேன். டீயோடுதான் விழுங்கியிருக்கிறாள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது.

ஏழு வாரம் கழித்து மறுபடி வந்தாள். மஞ்சுளாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, டாக்டர்கள் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். விரலைக் குத்தி, துளியைக் கரைசலில் விட்டேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். துளி ஒரு கணம் தயங்கி நின்றது, பிறகு நேரே அடிக்கு இறங்கியது.

கஸ்தூரி சுடிதார் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் கட்டிலை நோக்கி நடந்தாள்.